மாட்டைப் பார்த்த சாட்சி

கனகாவுக்குத் தன் புருஷன்மேல் சந்தேகம் வந்தது போலீஸ் வருவதற்கு முன்னாலேயே. தைப்பூசத்துக்குச் செய்யாற்றங்கரைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டுச் சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது, தாண்டவராயன் மாட்டுக் கொட்டகையில் நின்று கறுப்பு மாட்டின் கழுத்துக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். பண்டிகை நாள். ஏர் பூட்டவில்லை, வண்டி கட்டவில்லை. சும்மா தோப்பில் கட்டிக் கிடந்த மாட்டுக்குக் கழுத்து எப்படித் தோல் வழலும்? கேட்டே விட்டாள்.

"ஈ கடிச்சிகீது" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலையில் எதிராஜின் களத்தில் ஒரே கூச்சல். பெருநகருக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் எதிராஜ்தான் பெரிய குடித்தனக்காரர். நெல்லை அடித்துத் தூற்றிக் களத்திலேயே அம்பாரமாகக் குவித்து, குவியலைச் சுற்றிச் சாணிப்பாலால் வரி போட்டுவிட்டுப் பூசத்துக்குப் போயிருந்தார். வரி கலைந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது வரி கலைந்தது மட்டுமில்லை, அம்பாரத்தில் ஒரு பக்கமே காணோம். காவலுக்கு வைத்த ஆள் ராட்டினம் பார்க்கப் போன இடத்தில் ஊரோடு ஊராகச் சுற்றிவிட்டு வந்திருந்தான். ஊரில் ஆளே இல்லாத பட்டப்பகலில், எவனோ சாவகாசமாக மூட்டை பிடித்து வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறான்.

ஆளே இல்லாத ஊரில் மங்கம்மா மட்டும் இருந்தாள். ஆடு மேய்க்கிறவளுக்கு ஏது பூசம்? எதிராஜ் விசாரித்ததும் அவள் யோசிக்கக்கூட இல்லை. "தாண்டவராயன்தான் ஏரிக்கரை மேல மூட்ட ஏத்திகினு போனாரு. நான் பாத்தனே" என்று சொல்லிவிட்டாள்.

போலீஸுக்கு இதைவிட வசதியான கேஸ் கிடைக்காது. ஐப்பசியில் மதகுத் தண்ணீருக்காக எதிராஜோடு மல்லுக்கு நின்றபோது, "உன் நெல்லு எப்டி உன் வூட்டுக்குப் போயி சேருதுன்னு பாக்கறன்" என்று நாலு பேர் நடுவில் கத்தியவன் தாண்டவராயன். அவனுக்கு வாய் எப்போதுமே எதிரி. பூசத்தன்று எங்கே இருந்தாய் என்று கேட்டால், மேட்டுக்கொல்லையில் வேர்க்கடலைக்குக் காவல் இருந்தேன் என்றான். யார் பார்த்தது? கடலைதான் பார்த்தது. நெல் கிடைக்கவில்லை, சாக்கு கிடைக்கவில்லை; இருந்தது ஒரு சாட்சி. அந்த ஒரு சாட்சியை வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவனை ஜாமீனில் எடுத்தது கனகாவின் தம்பி முனியன். உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை; அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். தாய் செத்தபின் கனகாதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராக அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவன்தான் தாமோதரன் வக்கீலைப் பிடித்தான், ஜாமீனுக்கு ஆள் பிடித்தான், ஒவ்வொரு வாய்தாவுக்கும் மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கனகா கண் கலங்கினாள்.

ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு முனியன் சொன்னான்: "அக்கா, மாமா எடுத்திருந்தா எடுத்தன்னு ஒத்துக்க சொல்லு. மொத தபாதானே, சும்மா வுட்ருவாங்க. இஸ்துகினே போனா ரொம்ப பேஜாராப் பூடும்."

"அவுரு எடுக்கலன்னு சொல்றாரேடா."

"எடுத்தவன் எவன் எடுத்தன்னு சொல்லுவான்?"

அவளுக்கும் அதே எண்ணம்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் நடந்ததெல்லாம் அவள் எண்ணத்துக்கு ஒத்து ஊதியது. தாண்டவராயன் பேச்சைக் குறைத்துவிட்டான். சோறு போடும்போது நிமிர்ந்தால் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் பார்த்ததும் தட்டைப் பார்ப்பான். குற்றம் செய்த மனசு குறுகுறுக்கிறது என்று அவள் நினைத்தாள். ஒரு நாள் குளத்திலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், அவன் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருப்பதைப் பார்த்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் படக்கென்று மூடினான்.

"இன்னா தேடற?"

"ஒண்ணுமில்ல. ஜாமீன் காகிதம்."

ஜாமீன் காகிதம் பரணில் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். நெல் விற்ற துட்டைப் பெட்டியில் ஒளிக்கப் பார்த்திருக்கிறான் என்று கனகா முடிவு கட்டினாள். அவன் வெளியே போனதும் சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். எதுவும் விழவில்லை. விழாததும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வேறெங்கோ மாற்றிவிட்டான் என்று நினைத்தாள். தவிட்டுப் பானையில் கைவிட்டுத் துழாவினாள், வைக்கோல்போரைக் கிளறினாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்த ஆளை இப்படி வேவு பார்க்க நேர்ந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. திருடியதைவிட அதைத் தன்னிடம் மறைக்கிறானே என்பதுதான் அவளை அரித்தது.

"எங்கிட்டயாவது நெசத்த சொல்லேன்யா" என்று ஒரு தடவை கெஞ்சினாள்.

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். "நீ சொல்லு" என்றான். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். நான் எதைச் சொல்வது, பேச்சை எப்படித் திருப்புகிறான் பார் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

மங்கம்மா சாட்சி சொல்லும் நாள் வந்தது. உத்திரமேரூர் கோர்ட்டில் ஊர் ஜனம் பாதி. கனகா பின்பக்கத்து பெஞ்சியில் ஓரமாக உட்கார்ந்தாள். முனியன் அவளுக்குப் பக்கத்தில். தாண்டவராயன் கூண்டில் கைகட்டி நின்றான். வாய்தாவுக்கு வாய்தா அலைந்ததில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தண்டனை என்றால் ஆறு மாசத்துக்குக் குறையாது என்று வக்கீல் முன்பே சொல்லிவிட்டார். ஆறு மாசம் உள்ளே இருந்துவிட்டு வருகிறவனுக்கு அந்த ஊரில் எவன் நிலம் குத்தகைக்கு விடுவான்? இருக்கிற துண்டு நிலம் போதாமல் பிறத்தியார் நிலத்தையும் உழுது பிழைக்கிற குடும்பம். பேர் போனால் பிழைப்பும் போச்சு.

மங்கம்மா கூண்டில் ஏறி, கும்பிடு போட்டு, பார்த்ததைச் சொன்னாள். தாமோதரன் வக்கீல் எழுந்தார்.

"ஓட்டிட்டுப் போனவன் மூஞ்சியப் பாத்தியாம்மா?"

"தலையில துண்டு போட்டு மூடிகினு இருந்தாரு சாமி. நல்ல வெய்யிலு."

"அப்ப மூஞ்சி தெரியல."

"மூஞ்சி இன்னாத்துக்குங்க? மாடு தெரிஞ்சிச்சே! ஒண்ணு கறுப்பு, ஒண்ணு மயிலை. அந்த ஜோடி இந்தச் சுத்துவட்டாரத்துல வேற யாருகிட்ட கீது?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. டவுன்காரர்கள்தான் சிரித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தூரத்தில் வண்டி வந்தால் அங்கே யாரும் ஆளைப் பார்ப்பதில்லை, மாட்டைப் பார்த்து ஆளைச் சொல்வார்கள். செவலை ஜோடி வந்தால் "எதிராஜ் வராரு" என்பார்கள். ஓட்டுகிறவன் அவருடைய கூலியாளாக இருப்பான், எதிராஜ் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். ஆனாலும் வந்தது எதிராஜ்தான். மங்கம்மா பொய் சொல்லவில்லை. அவள் கணக்குப்படி மாடு போனால் தாண்டவராயன் போனான்.

கனகாவுக்கு அது வரைக்கும் ஒரு நப்பாசை இருந்தது. எதிராஜ் துட்டு கொடுத்து இவளைப் பேசவைத்திருப்பான், பொய் எங்காவது இடறும் என்று காத்திருந்தாள். இந்தக் கிழவி பேசுகிற தோரணையில் பொய்யின் வாடையே இல்லை. மாடு நிஜமாகவே ஏரிக்கரையில் போயிருக்கிறது.

மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்தார். "மாட்டையாவது கிட்டத்துல பாத்தியா?"

"கிட்டவா! என்ன இடிக்காத கொறதான் சாமி. நான் ஏரிப் பக்கம் சரிவுல ஆட்ட வுட்டுகினு குந்திகினு கீறன். வண்டி களத்துலேருந்து ரோட்டுப் பக்கமா வருது. கறுப்பு கீதே, அது ஏரிப் பக்கமா கரை ஓரத்துலயே இஸ்துகினு வருது. மயிலை அந்தாண்ட தோப்புப் பக்கம். கொம்பு என் மேல பட்ரும்னு நான் தண்ணியில எறங்கிட்டன். முட்டி மட்டும் சேறு. 'மாட்ட புடிச்சி ஓட்டுயா'ன்னு கத்தறன், திரும்பியே பாக்கல."

அரசு வக்கீல் முகத்தில் திருப்தி. இவ்வளவு விவரமாகச் சொல்கிற சாட்சியை யார் அசைக்க முடியும்? தாமோதரன் வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

கனகா மட்டும் பெஞ்சி விளிம்பை இறுகப் பிடித்தாள். களத்திலிருந்து ரோட்டுக்குப் போகிற வண்டிக்கு ஏரி இடது கைப் பக்கம். கறுப்பு ஏரிப் பக்கம் வந்தது என்றால் அதை இடப்பக்கம் பூட்டியிருக்கிறான். கறுப்பு வலத்த மாடு. கன்றாக இருந்து பழக்கிய நாள்முதல் நுகத்தடியின் வலப்பக்கம் தவிர வேறு பக்கம் அது கழுத்துக் கொடுத்ததில்லை. பக்கம் மாற்றிப் பூட்டினால் நேராக இழுக்காது, வெளியே வெளியே ஒதுங்கும், நுகத்தடியில் உரசி உரசிக் கழுத்துத் தோல் வழன்றுவிடும். கொட்டகையில்கூட வலப்பக்கம் கறுப்பு, இடப்பக்கம் மயிலை என்றுதான் தாண்டவராயன் கட்டுவான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவன் கை மாற்றிப் பூட்டாது.

அவர் இல்லை, அவர் எடுக்கவே இல்லை என்று மனசு கத்தியது. கூண்டைப் பார்த்தாள். தாண்டவராயன் திடுக்கிடவில்லை. ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்பவன்போல் கண்ணை மூடித் திறந்தான். திறந்ததும் நேராக அவளைப் பார்த்தான். இத்தனை நாளும் சோற்றுத்தட்டுக்கு மேலே பார்த்த அதே பார்வை.

மத்தியான இடைவேளை விட்டார்கள். வெளியே புங்கமரத்தடியில் தாண்டவராயன் தனியாகக் குந்தியிருந்தான். முனியன் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். கனகா எதிரில் போய் நின்றாள்.

"மாட்ட நீ பூட்டல."

"இல்ல."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"சாயங்காலம் தோப்புக்குப் போனன். கட்டின எடத்துலதான் கீது, ஆனா வாயெல்லாம் நொர. கறுப்புக்குக் கழுத்து வழண்டுகீது. எவனோ தெரியாத்தனமா மாத்திப் பூட்டிகீறான்னு அப்பவே தெரிஞ்சிபோச்சு. மறுநாள் களத்துல கூச்சல்னதும் எதுக்குப் பூட்னான்னும் தெரிஞ்சிபோச்சு."

"அப்ப ஏன்யா போலீஸ்ல சொல்லல? எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "கறுப்பு வெளியாள கிட்ட சேக்காது. என்ன சேக்கும், உன்ன சேக்கும், உன் தம்பிய சேக்கும். ஏர் புடிச்சறியாத உன் தம்பிக்குத்தான் பக்கம் தெரியாது. நீ சொல்லாம அவன் மாட்டத் தொடுவானா? நீதான் அவுத்துக் குடுத்துட்டு, சாமி பாக்கப் போயிட்டன்னு நெனச்சன்."

"நானா?"

"குடுத்துட்டு, ஒண்ணும் தெரியாதவ மாரி என்னையே கேட்டுகினு கீறன்னு நெனச்சன். துட்டு எங்கனா வெச்சிகீறியான்னு பெட்டிய கூடப் பாத்தன்."

கனகா மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே கூரைக்கு அடியில் அவள் அவனைத் திருடன் என்றும், அவன் அவளைத் திருடி என்றும் நினைத்துக்கொண்டு, ஒரே பானைச் சோற்றைத் தின்றிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"என்ன திருடின்னு நெனச்சிகினேவா ஜெயிலுக்குப் போறதா இருந்த?"

"ரெண்டு பேருல ஒருத்தர் போனா போதாதா?" என்றான் தாண்டவராயன். கோபமாகத்தான் சொன்னான்.

முனியன் பொட்டலங்களோடு வேகமாக வந்தான். எலுமிச்சஞ்சாதம், வடை. "அக்கா, நீ கவலப்படாத. வக்கீலாண்ட பேசிட்டன். மாமாவுக்கு ஃபைன் போட்டா நான் கட்டிடறன். எவ்ளோவா இருந்தாலும் நான் கட்டறன்" என்றான். நீட்டிய கையில் புது வாட்ச் மின்னியது. மில் முதலாளி பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தார் என்று பூசம் கழிந்து அவன் சொன்னபோது பூரித்துப்போய் அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டச் சொன்னவள் கனகா.

பொட்டலத்தை வாங்காமல் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"கறுப்பு உன்ன முட்டலியாடா?"

"அது ஏங்க்கா என்ன முட்டப் போவுது, நான் கிட்டப் போனாக்கா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். முகத்தில் ரத்தமே இல்லை. பொட்டலம் கையிலேயே இருந்தது.

"சொல்லுடா."

அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "மாமா மேல வரும்னு சத்தியமா நெனக்கலக்கா. ஊர்ல ஒரு ஈ காக்கா இல்லியே. எதிராஜுக்கு இல்லாத நெல்லா? பொண்ணு வூட்ல வெறும் மூட்டை தூக்கறவன்னு எளக்காரமா பாக்கறாங்க. மோதரம் எடுக்கணும், துணி எடுக்கணும்... மதுராந்தகம் பக்கம் ஒரு வியாபாரிகிட்ட போட்டுட்டன். மாமாவ புடிச்சதும் எனக்கு சோறே எறங்கல. அதனாலதான் வக்கீல் வெச்சன், எல்லாம் செஞ்சன்."

"ஒத்துக்க சொன்னியேடா. எடுக்காத ஆள எடுத்தன்னு ஒத்துக்க சொல்லி எங்கிட்டயே சொல்லி அனுப்பினியே."

"மாமாவுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. வயசான ஆளு, ஆறு மாசம் ஓடிப்பூடும். எனக்குன்னா கல்யாணமே நின்னுடும்."

அதைக் கேட்காமல் இருந்திருந்தால் கனகா என்ன செய்திருப்பாளோ தெரியாது. அழுதிருப்பாள், தடுமாறியிருப்பாள், தம்பியும் வேண்டும் புருஷனும் வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டிருப்பாள். அந்த வார்த்தைக்குப் பிறகு அவளுக்குத் தடுமாற்றம் இல்லை. புருஷனைப் பார்த்தாள். அவன், "உன் தம்பி. நான் வாயத் தொறக்க மாட்டன். நீயே முடிவு பண்ணு மே" என்று சொல்லிவிட்டு எழுந்து கோர்ட்டுக்குள் போனான்.

"நீயா போயி சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று கனகா கேட்டாள்.

முனியன் முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போனான். கழுவினான், துடைத்துக்கொண்டான், திரும்பாமலேயே கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். கனகா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிடவில்லை.

தாமோதரன் வக்கீலுக்கு விஷயத்தை விளங்கவைக்க நேரம் பிடிக்கவில்லை; அவருடைய அப்பாவும் உழுதவர்தான். மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுமதி கேட்டு அவளைக் கூண்டில் ஏற்றினார். மாடு, பக்கம், கழுத்து, தம்பி சொன்னது என்று எல்லாவற்றையும் கனகா ஒன்றுவிடாமல் சொன்னாள். எதிராஜ் பாதியிலேயே தலையைக் குனிந்துகொண்டார். வலத்த மாடு இடப்பக்கம் வந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

அரசு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"உங்க தம்பி இப்ப எங்க?"

"பூட்டான்."

"ஓடிட்டான்னு சொல்றீங்க. அவன் ஒத்துக்கிட்டதை வேற யாராவது கேட்டாங்களா?"

"நானும் எங்க வூட்டுக்காரரும்."

"வேற யாரும் இல்ல. சரி, நீங்களே உங்க புருஷனைச் சந்தேகப்பட்டது உண்டா இல்லியா?"

கனகா பக்கத்துக் கூண்டைப் பார்த்தாள். "உண்டு. போலீஸ் வரதுக்கு முந்தியே சந்தேகப்பட்டன். இன்னிக்கி மத்தியானம் வரிக்கும் அவுருதான் திருடன்னு நெனச்சிகினு இருந்தன்."

"அந்தச் சந்தேகம் தப்புன்னு இப்ப சொல்றீங்க. அப்போ தம்பி மேல சொல்றது மட்டும் எப்படிச் சரியா இருக்கும்? அதுவும் தப்பா இருக்கலாமே?"

கனகா முந்தானையால் வாயைப் பொத்தினாள், எடுத்தாள்.

"அவுர நான் மாட்டு கழுத்தப் பாத்து சந்தேகப்பட்டன். பொட்டியப் பாத்து சந்தேகப்பட்டன். ஒரு நாளும் எதுர்ல குந்தவெச்சி மூஞ்சியப் பாத்துப் பேசல. என் தம்பிய மூஞ்சியப் பாத்துக் கேட்டன் சாமி. கைக்கொழந்தையிலேருந்து பாத்த மூஞ்சி. அது பொய் சொன்னா எனக்குத் தெரியும்."

வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"பொய்யி சொல்லலியே. அவன் பொய்யி சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, கூண்டுக் கட்டையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.